வீட்டில் நாலு கணினி: எல்லாவற்றிலும் நெட் வருகிறது, ஆனால் ஒன்றுக்கொன்று தெரியவில்லை

முதுநகர் மாடி (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். கீழே நடையை ஒட்டிய அறையில் அப்பாவின் டெஸ்க்டாப், விண்டோஸ் 11. கணக்கு வழக்கெல்லாம் அதில்தான். கூடத்தில் ஒரு பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 7. பிரிண்டர் அதில் மாட்டியிருக்கிறது. மாடியில் என் லேப்டாப்பும், பிளஸ் டூ படித்தபோது தங்கைக்கு அரசு கொடுத்த லேப்டாப்பும்.

நாலிலும் வைஃபை நன்றாகவே வருகிறது. ஆனால் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றைப் பார்க்க முடியவில்லை. மாடியில் ஒரு பில் போட்டால் பென் டிரைவில் ஏற்றி, படி இறங்கி, கூடத்தில் செருகித்தான் பிரிண்ட் எடுக்கிறோம். அப்பாவுக்கு முட்டி வலி வேறு.

பழைய சுண்ணாம்புச் சுவர். துளை போட அப்பா சம்மதிக்க மாட்டார். கடையில் கேட்டால் மெஷ் செட் (பல பெட்டி வைத்து வீடு முழுக்க வைஃபை பரப்புவது) வாங்கச் சொல்கிறார்கள், விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

லாஸ்பேட்டை சர்வீஸ் (புதுச்சேரி)

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நாலிலும் நெட் வருகிறது என்றால் சிக்னலில் கோளாறு இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

நாலு கணினியிலும் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து, ஐபிவி4 என்ற வரிக்கு எதிரே இருக்கும் எண்ணை இங்கே போடுங்கள். வீட்டில் மொத்தம் எத்தனை ரவுட்டர் என்பதையும் சொல்லுங்கள். நெட்காரர் சுவரில் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டியும் ஒரு ரவுட்டர்தான், அதையும் கணக்கில் சேருங்கள்.

செம்மண்டலம் ரெண்டாம் மாடி (கடலூர்)

இவ்வளவு எதற்கு? கண்ட்ரோல் பேனலில் ஹோம்குரூப் என்று இருக்கும். ஒன்றில் உருவாக்கி, அது தரும் பாஸ்வேர்டை மற்ற மூன்றில் போட்டால் முடிந்தது. நான் அப்படித்தான் செய்து வைத்திருந்தேன்.

லாஸ்பேட்டை சர்வீஸ்

அது அந்தக் காலம் சார். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்போடு ஹோம்குரூப்பை எடுத்துவிட்டார்கள். 11-இல் தேடினாலும் கிடைக்காது. இப்போது ஃபோல்டர் ஃபோல்டராக ஷேர் செய்ய வேண்டியதுதான்.

முதுநகர் மாடி

எண்களைப் பார்த்துவிட்டேன் அண்ணா.

அப்பாவுடையது 192.168.1.7, கூடத்து டெஸ்க்டாப் 192.168.1.9. மாடியில் என்னுடையது 192.168.0.3, தங்கையுடையது 192.168.0.5.

ரவுட்டர் இரண்டு. கூடத்தில் ஃபைபர் பெட்டி. அதன் வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றை மாடியில் வைத்து, முற்றம் வழியாக ஒரு கேபிள் மேலே ஏற்றியிருக்கிறது. அந்த ஒரு கேபிளுக்கே அப்பாவிடம் பேச்சு வாங்கியாகிவிட்டது.

லாஸ்பேட்டை சர்வீஸ்

விஷயம் அந்த எண்ணிலேயே இருக்கிறது. கீழே மூன்றாவது இடத்தில் 1, மேலே 0. அதாவது உங்கள் வீட்டில் இரண்டு தனித்தனி நெட்வொர்க் ஓடுகிறது. மாடி ரவுட்டர் தன் பின்னால் இருப்பவற்றை மறைத்து வைத்திருக்கிறது. அபார்ட்மெண்ட் வாட்ச்மேனைப் போலத்தான் அது. உள்ளேயிருந்து வெளியே போகிறவரைத் தடுக்காது, வெளியிலிருந்து யாரைப் பார்க்க என்று தெரியாமல் வருகிறவரை விடாது.

சந்தேகமிருந்தால் மாடி லேப்டாப்பில் பிரவுசர் திறந்து 192.168.1.1 அடித்துப் பாருங்கள், கீழ்ப் பெட்டியின் பக்கம் வரும். அப்பாவின் கணினியில் 192.168.0.1 அடித்தால் ஒன்றும் வராது. இந்த நிலையில் மெஷ் வாங்கி இதே மாதிரி மாட்டியிருந்தால், காசு செலவழித்த பிறகும் இதே கதைதான்.

மாடிப் பெட்டியை ரவுட்டர் வேலையிலிருந்து நிறுத்தி, வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாக ஆக்க வேண்டும். புதிய மாடல்களில் அக்சஸ் பாயிண்ட் மோடு என்று ஒரு பொத்தானே இருக்கும், அதை அழுத்தினால் போதும். இல்லையென்றால் கையால் செய்யலாம். முதலில் மாடிப் பெட்டியின் பக்கத்துக்குள் போய் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். மறுபடி அந்தப் புது முகவரியில் நுழைந்து டிஹெச்சிபி என்பதை அணையுங்கள். எண் வழங்கும் வேலையை இனி கீழ்ப் பெட்டி மட்டும் பார்க்கும். கடைசியாக, கீழேயிருந்து வரும் கேபிளை வான் என்று எழுதிய துளையிலிருந்து பிடுங்கி, பக்கத்தில் இருக்கும் லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள்.

வரிசை மாறினால் பெட்டிக்குள் நுழைய முடியாமல் போய், ரீசெட் குண்டூசியைத் தேட வேண்டி வரும். கீழ்ப் பெட்டி வழங்கும் எண்களின் வரம்பை 3-இலிருந்து தொடங்க வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 2-ஐ வேறு எதற்காவது தூக்கிக் கொடுத்துவிடும்.

கேபிள் தம்பி (நெல்லிக்குப்பம்)

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ரெண்டு பெட்டிக்கும் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவே வையுங்கள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தால் தானாக மாறிக்கொள்ளும். சேனல் மட்டும் வேறு வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றுக்கு 1, இன்னொன்றுக்கு 6 அல்லது 11. ஆட்டோவில் விடலாம்தான், ஆனால் சில பெட்டி பக்கத்து வீட்டுச் சேனலிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதுநகர் மாடி

நாலும் இப்போது 192.168.1 வரிசைக்கு வந்துவிட்டன. ரொம்ப நன்றி அண்ணா. ஆனால் அப்பாவின் கணினியைத் திறக்கப் போனால் யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்கிறது. அப்பா கணினிக்குப் பாஸ்வேர்டே கிடையாது. வெறுமனே விட்டு என்டர் தட்டினாலும் ஏற்கவில்லை. கூடத்து டெஸ்க்டாப் நெட்வொர்க்கில் தெரியவே இல்லை, பிங் அடித்து (கணினி இருக்கிறதா என்று நெட்வொர்க்கில் கூப்பிட்டு) பார்த்தாலும் பதில் இல்லை.

வில்லியனூர் டீச்சர் (புதுச்சேரி)

தம்பி, பிங்குக்குப் பதில் வராததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் சாதாரணமாகவே பிங்கை விழுங்கிவிடும். எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் லேபில் பாதி நேரம் இதை விளக்குவதிலேயே போகும்.

முதலில் பார்க்க வேண்டியது நெட்வொர்க்கின் வகை. வைஃபையில் புதிதாகச் சேரும்போது விண்டோஸ் 11 அதைப் பப்ளிக் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டு வைஃபையில் அது சரி, வீட்டில் சரிப்படாது. செட்டிங்ஸில் அந்த வைஃபையின் பெயரைத் திறந்து பிரைவேட் என்று மாற்றுங்கள். பிறகு நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் பிரைவேட்டுக்கு மட்டும் ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 7-இல் இதே இடத்தில் ஹோம் நெட்வொர்க் என்று இருக்கும்.

அடுத்தது பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை வைத்து அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து நுழையலாம், நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் விடாது. பின் எண் போட்டு நுழைகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். அந்த நாலு எண் அந்தக் கணினிக்கு மட்டும், வெளியிலிருந்து கேட்டால் முழுப் பாஸ்வேர்டைத்தான் கொடுக்க வேண்டும்.

அப்பாவின் கணக்கைத் தொடாதீர்கள், தினமும் பாஸ்வேர்டு அடிக்க அவருக்கும் எரிச்சலாக இருக்கும். அவர் கணினியில் வீடு என்ற பெயரில் தனியாக ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, அதற்கு நல்ல பாஸ்வேர்டு வையுங்கள். ஷேர் செய்யும் ஃபோல்டரில் அந்த யூசருக்கு அனுமதி கொடுங்கள். ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ஷேரிங், செக்யூரிட்டி என்று இரண்டு தாவல் இருக்கும், இரண்டிலும் கொடுக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் கதவு திறக்காது.

செம்மண்டலம் ரெண்டாம் மாடி

விண்டோஸ் 7 தெரியவில்லை என்றால் 11-இல் எஸ்எம்பி1-ஐ (ஃபைல் பகிரும் பழைய முறை) ஆன் செய்துவிடுங்கள். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஒரு டிக் அடித்தால் வேலை முடிந்தது. யூடியூபில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

லாஸ்பேட்டை சர்வீஸ்

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எஸ்எம்பி1 எக்ஸ்பி காலத்து முறை. 2017 மே மாதம் வன்னாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவி எத்தனையோ கணினிகளைப் பூட்டியது இந்த ஓட்டை வழியாகத்தான். அந்த வருடமே விண்டோஸ் 10-இல் அதை இயல்பாக அணைத்து வைத்துவிட்டார்கள்.

அதைவிட முக்கியம், இங்கே அது தேவையே இல்லை. விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி2 நன்றாகவே தெரியும். பட்டியலில் பெயர் தெரியவில்லை என்றால் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான். ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் நேராக \\192.168.1.9 என்று அடித்துப் பாருங்கள், திறக்கும்.

முதுநகர் மாடி

திறந்தது. இரண்டும் திறந்தன. பிரைவேட் என்று மாற்றியதுமே பாதி சரியாகிவிட்டது, டீச்சர் சொன்னபடி வீடு என்று ஒரு யூசர் போட்டதில் மீதியும் சரி. அப்பா கீழே ஒரு ஃபைலைப் போட, அது மாடியில் தெரிந்ததும் தங்கை கைதட்டினாள்.

அடுத்த புலம்பல். அக்கா கல்யாண வீடியோ 4 ஜிபி, அப்பா கணினியிலிருந்து கூடத்து டெஸ்க்டாப்புக்கு அனுப்பினால் நொண்டி நொண்டிப் போகிறது. வினாடிக்கு 3 எம்பி, சில சமயம் 2. இரண்டும் யூஎஸ்பி வைஃபை டாங்கிளில் ஓடுகின்றன, டாங்கிள் அட்டையில் 150 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது. நெட் வேகம் 100 எம்பிபிஎஸ், அதில் குறையில்லை.

லாஸ்பேட்டை சர்வீஸ்

வீட்டுக்குள் ஃபைல் அனுப்புவதற்கும் நெட் பிளானுக்கும் சம்பந்தமே இல்லை. பிளான் 30 ஆனாலும் 300 ஆனாலும் கீழ் அறையிலிருந்து கூடத்துக்குப் போகும் வேகம் அதேதான். நெட்டே இல்லாவிட்டாலும் போகும்.

கணக்கைப் பாருங்கள். 150 என்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் சுமார் 19 மெகாபைட். வைஃபையில் அட்டையில் போட்ட எண்ணில் பாதி கையில் கிடைத்தாலே பெரிய விஷயம், அதனால் 9 என்று வையுங்கள். இப்போது அப்பாவின் கணினியும் வைஃபை, கூடத்து டெஸ்க்டாப்பும் வைஃபை. ஃபைல் முதலில் காற்றில் ரவுட்டருக்குப் போகிறது, அங்கிருந்து மறுபடி காற்றில் இறங்குகிறது. ஒரே சேனலில் இரண்டு தடவை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், ஆக அதிலும் பாதி. நடுவில் சுண்ணாம்புச் சுவர், பக்கத்து வீட்டு வைஃபை. 3 வருவதில் ஆச்சரியமே இல்லை.

என் கட்சி இதுதான், கடையில் வருகிற எல்லோருக்கும் சொல்வது: நகராத கணினிக்குக் கம்பி, நகரும் கணினிக்குக் காற்று. அதிலும் எல்லோரும் வந்து எடுக்கிற ஃபைல் எந்தக் கணினியில் இருக்கிறதோ அதற்குக் கண்டிப்பாகக் கம்பி. அந்த ஒன்றை ரவுட்டரில் செருகிவிட்டால் காற்றில் போகும் பயணம் ஒன்றாகக் குறையும், மற்ற மூன்றுக்கும் சேர்த்து வேகம் கூடும். ரவுட்டர் துளை வெறும் 100 எம்பிபிஎஸ் ஆனாலும், இரண்டு டெஸ்க்டாப்பும் கம்பியில் இருந்தால் வினாடிக்கு 11 எம்பி நிற்காமல் வரும், உங்கள் கல்யாண வீடியோ ஆறு நிமிடம். கிகாபிட் துளை என்றால் ஒரு நிமிடத்துக்குள்.

செம்மண்டலம் ரெண்டாம் மாடி

இந்தக் காலத்தில் போய்க் கம்பி இழுக்கச் சொல்கிறீர்களே. ஒரு வைஃபை 6 ரவுட்டர், அதற்கேற்ற டாங்கிள் இரண்டு, கதை முடிந்தது. எங்கள் ஃப்ளாட்டில் 5 கிகாஹெர்ட்ஸில் ஃபைல் பறக்கிறது.

லாஸ்பேட்டை சர்வீஸ்

ஃப்ளாட்டில் நடுவில் ஒரு நாலரை அங்குலச் சுவர், எதிரே ரவுட்டர். பறக்கத்தான் செய்யும். முதுநகர் பழைய வீட்டில் சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது. 5 கிகாஹெர்ட்ஸ் அதில் முட்டி நின்றுவிடும். 2.4 தள்ளாடியாவது அந்தப் பக்கம் வரும். இங்கே பாண்டியில் தமிழர் தெருக்களில் இருக்கும் பழைய வீடுகளிலும் நான் இதைத்தான் பார்க்கிறேன். திண்ணையில் உட்கார்ந்தால் சிக்னல் இல்லை, முற்றத்தில் இறங்கினால் முழுதாக இருக்கும்.

தம்பியின் தங்கை லேப்டாப்புக்கு 5 தெரியுமா என்பதையும் பார்க்க வேண்டும். தெரியாத மாடலாக இருந்தால் எவ்வளவு விலை ரவுட்டர் வாங்கினாலும் அது பழைய வேகத்தில்தான் ஓடும்.

வில்லியனூர் டீச்சர்

சர்வீஸ் சார் சொல்வது சொந்த வீட்டுக்குச் சரி. வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ்தான் கைகொடுத்தது. இரண்டு பக்கமும் வாதத்தில் நியாயம் இருக்கிறது, வீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேபிள் தம்பி

முதுநகர் அண்ணே, ஒரு கேள்வி. முற்றத்துக்கு மேலே திறந்த வெளியா, ஏதாவது போட்டு மூடியிருக்கா?

முதுநகர் மாடி

காக்கா, பூனை வரக்கூடாது என்று கம்பி வலை அடித்திருக்கிறது. விரல் நுழையும் அளவு சதுரம் சதுரமாக, இரும்பு. மழைக்காலத்தில் மேலே பிளாஸ்டிக் ஷீட்டும் போடுவோம்.

கேபிள் தம்பி

நினைத்தேன். கூடத்து வைஃபை மாடிக்கு எட்டாததற்கு அந்த வலையும் ஒரு காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். வலையின் கண் அதைவிட ரொம்பச் சின்னதாக இருந்தால் இரும்பு பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். பிளாஸ்டிக் ஷீட்டால் ஒன்றும் ஆகாது. மாடியில் தனிப் பெட்டி வைத்தது நல்லதுதான், செருகின துளைதான் மாறிப்போச்சு.

ஃபைபர் பெட்டி எங்கே இருக்கு? டிவிக்குப் பின்னாலா, பீரோ மேலா? இரும்பு பீரோவை ஒட்டி வைத்திருந்தால் அந்தப் பக்கம் முழுக்க இருட்டு.

கீழ் அறைக்குச் சுவரைத் துளைக்க வேண்டாம். நிலைக்கு மேலே காற்றுத் துவாரம் இருக்கும், பழைய கரண்ட் வயர் போகிற மரப்பட்டி இருக்கும். வயர் பக்கத்திலேயே கேபிளை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டால் போதும். வெள்ளை கேபிளை வெள்ளைச் சுவரில் கிளிப் அடித்தால் அப்பா கண்ணுக்கும் தெரியாது.

முதுநகர் மாடி

பெட்டி பீரோவை ஒட்டித்தான் இருக்கிறது! காற்றுத் துவாரம் இருக்கிறது. அப்பாவிடம் "துளை போடாமல் ஒரே ஒரு கேபிள்" என்று சொல்லிப் பார்க்கிறேன். எந்தக் கேபிள் வாங்குவது?

கேபிள் தம்பி

கேட் 6, முழுச் செம்பு. கடையில் விலை குறைவாக நீட்டுவது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நாலு தடவை வளைத்தால் உள்ளுக்குள்ளேயே ஒடியும்.

அடுத்தது நம்ம ஊர் உப்புக் காற்று. தேவனாம்பட்டினம், முதுநகர், அந்தப் பக்கம் அரியாங்குப்பம் எல்லாம் ஒரே கதை. ஆர்ஜே 45 முனையின் (கேபிள் நுனியில் இருக்கும் பிளக்) உலோகப் பல்லில் பச்சை பூத்துவிடும். பூத்தால் லைன் சுத்தமாக அறுந்துபோகாது, அதுதான் வம்பு. எட்டு இழையில் ஒன்று தொடாவிட்டாலும் கிகாபிட் வராது, பல சமயம் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். கணினியில் லிங்க் ஸ்பீடு பாருங்கள், ஆயிரம் இருக்க வேண்டிய இடத்தில் 100 என்றால் முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் பண்ணுங்கள் (புது பிளக்கை அழுத்திப் பொருத்துங்கள்). மாடிக்குப் போகிற முற்றத்துக் கேபிளுக்கு முதலில் அதைச் செய்யுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் இடி இடித்தால் அந்த முற்றத்துக் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிவிடுங்கள். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் வராது. செம்புக் கேபிளில் வரும், ரவுட்டர் துளை போய்விடும்.

வில்லியனூர் டீச்சர்

மழை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் நெட் போய்விட்டது, செல்போன் சிக்னலும் சரியில்லை. ரவுட்டரையும் ஒரு லேப்டாப்பையும் இன்வெர்ட்டரில் ஓட்டினோம். ரவுட்டர் 12 வோல்ட், பெரிதாக ஒன்றும் தின்னாது. பிள்ளைகளின் பாடம், படம் எல்லாம் அந்த லேப்டாப்பிலிருந்து மற்றவற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டு நெட்வொர்க் வேறு, இணையம் வேறு என்று என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

முதுநகர் மாடி

அப்பா கணினியைக் கேபிளில் மாட்டியாகிவிட்டது. கிளிப் அடித்துக் கொடுத்தது அப்பாவேதான்! பீரோவை விட்டுப் பெட்டியையும் தள்ளி வைத்தோம், மாடியிலிருந்து ஃபைல் எடுப்பது நன்றாக வேகமாகிவிட்டது.

மூன்று சந்தேகம். அப்பா டேலியில் கணக்கு வைத்திருக்கிறார், அதை மாடியிலிருந்து வைஃபையில் திறக்கலாமா? பிரிண்டர் விண்டோஸ் 7-இல் ஷேர் செய்தால் அப்பாவின் 11-இல் ஏதோ பிழை எண் காட்டி நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அப்பா கணினியே நெட்வொர்க்கில் காணாமல் போகிறது.

லாஸ்பேட்டை சர்வீஸ்

டேலி ஃபோல்டரை வைஃபையில் திறந்து என்ட்ரி போடாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது சிக்னல் ஒரு நொடி அறுந்தாலும் டேட்டா கெட்டுப்போக வழி இருக்கிறது. சில்வர் உரிமமாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒருவர்தான், லேனில் பலர் திறக்கக் கோல்டு வேண்டும். மாடியில் உங்களுக்கு அறிக்கைதான் தேவை என்றால் அப்பா பிடிஎஃப்பாக எடுத்து ஷேர் ஃபோல்டரில் போடட்டும். ஷேர் ஃபோல்டரை பேக்கப் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள், ஒரு கணினியில் வைரஸ் புகுந்தால் ஷேரில் எழுத அனுமதி இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டும். டேலி பேக்கப் தனி ஹார்ட் டிஸ்கில், வேலை முடிந்ததும் கழற்றி வைக்கிற மாதிரி.

பிரிண்டர் விஷயத்தில் விண்டோஸ் 7-ஓடு மல்லுக்கட்ட வேண்டாம். 2021-இல் பிரிண்டர் பகிர்வில் பாதுகாப்பை இறுக்கினார்கள், அதற்கு முந்தைய வருடம் ஜனவரி 14-ஆம் தேதியே 7-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. பிரிண்டரைத் தூக்கி அப்பா கணினியில் மாட்டி அங்கிருந்து ஷேர் செய்யுங்கள். அந்தப் பழைய டெஸ்க்டாப்பில் நெட் பார்ப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

காணாமல் போவது வேறொன்றுமில்லை, அப்பா கணினி தூங்கிவிடுகிறது. பவர் செட்டிங்கில் திரை அணையட்டும், ஸ்லீப் மட்டும் நெவர். கூடவே கீழ்ப் பெட்டியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் அந்தக் கணினியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கருவி ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி அடையாள எண்) 192.168.1.20 என்று நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். கேபிளில் மாட்டியபோது மேக் முகவரி மாறியிருக்கும், டாங்கிளுடையதைப் போடாமல் கேபிள் துளையுடையதைப் பார்த்துப் போடுங்கள். அதன்பிறகு மாடியில் ஷேர் ஃபோல்டரை இசட் டிரைவாக மேப் செய்துகொண்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை.

முதுநகர் மாடி

பிரிண்டர் இடம் மாறிவிட்டது, மாடியிலிருந்து பிரிண்ட் வருகிறது. 20 ஒதுக்கியாகிவிட்டது. தங்கை லேப்டாப்பில் மட்டும் இசட் டிரைவ் ரீஸ்டார்ட் செய்ததும் சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கிறது.

வில்லியனூர் டீச்சர்

வைஃபை இணைவதற்கு முன்பே விண்டோஸ் டிரைவைத் தேடிவிட்டுக் கைவிடுகிறது. ஒரு தடவை இரட்டைச் சொடுக்குப் போட்டால் திறந்துவிடும். மேப் செய்தபோது பாஸ்வேர்டை நினைவில் வை என்ற டிக் விட்டுப்போயிருந்தால் மட்டும், அதை நீக்கிவிட்டு மறுபடி மேப் செய்யச் சொல்லுங்கள்.